இரண்டு வாசல் உள்ள அறை

பனீ ரஸீன் பொறியியல் கல்லூரியில் அவாதிஃப் பத்தொன்பது வருடம் மாணவர் நலப் பிரிவில் வேலை பார்த்தாள். பெயர்தான் நலப் பிரிவு. வேலை என்னவோ கால்பந்துக் குழுவுக்குச் சட்டை தைக்கக் கொடுப்பது, சதுரங்கப் போட்டிக்குக் கோப்பை வாங்குவது, வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு பஸ் பிடித்துப் பிள்ளைகளைப் பழங்காலக் கோயில்கள் பார்க்க லக்ஸருக்குக் கூட்டிப் போய் ஒருத்தர் குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது. தலை எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்படி ஒரு லக்ஸர் பயணத்தில், கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் போகும்போதும் அழுதாள், வரும்போதும் அழுதாள். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவாதிஃப் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி அவள் கையில் கொடுத்து, "மோந்துக்கிட்டே வா கண்ணு, சரியாயிடும்" என்றாள். அந்தப் பெண் மரியாதையாக வாங்கி மோந்துகொண்டே வந்தாள். மூன்று வாரம் கழித்து அவள் படிப்பை விட்டுவிட்டாள் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்த தனக்கும் தெரியவில்லை என்பதுதான் அவாதிஃபுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"அவளுக்கு வேண்டியிருந்தது எலுமிச்சம்பழம் இல்ல" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அவள் கணவன் மஹ்ரூஸ் ரயிலில் டிக்கெட் பரிசோதகன். நாளெல்லாம் அடுத்தவர் சாக்குப்போக்கைக் கேட்டுக் கேட்டுக் காது தழும்பேறிப்போனவன். "வேற என்ன வேணுமாம்?" என்றான்.

"அதான் தெரியல. கேக்கத் தெரிஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்ப போய்க் கேக்கப் படிச்சுட்டு வா. என்னைத் தூங்க விடு."

அவன் சொன்னது வாய்ப்பேச்சுக்கு. இவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அஸ்யூத் நகரில் மனநல ஆலோசனைக்கு இரண்டு வருடப் பட்டயப் படிப்பு ஒன்று இருந்தது, வியாழக்கிழமைதோறும் வகுப்பு. நாற்பத்து நான்காவது வயதில், மூத்த மகள் பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிற அதே வருடத்தில், அவாதிஃப் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறினாள். நாத்தனார் கேலி பேசினாள்: "அவாதிஃப்னு பேரு வச்சாலும் வச்சாங்க, ஊர்ல உள்ள உணர்ச்சியெல்லாம் இவதான் சுமக்கணும்போல." பெயருக்கு அதுதான் பொருள், உணர்ச்சிகள். வகுப்பிலேயே வயதில் பெரியவள் அவள்தான். இரண்டு வருடத்தில் ஒரு வியாழக்கிழமை கூட விடவில்லை.

பட்டயம் வந்த வேளையும் நல்ல வேளைதான். கல்லூரித் தரத்தைப் பார்க்க வந்த குழு, "மாணவர்களுக்கு ஆலோசனைப் பிரிவு உண்டா?" என்று தன் படிவத்தில் கேட்டிருந்தது. உண்டு என்று எழுதிவிட்ட பிறகுதான் டீன் அதை எங்கே வைப்பது என்று யோசித்தார். அவாதிஃபைக் கூப்பிட்டு ஒரு அறையின் சாவியைக் கொடுத்தார். வாசலில் பித்தளைப் பலகை பளபளத்தது: உளவியல் ஆலோசனைப் பிரிவு.

நாற்பது நாள் ஆயிற்று. இரண்டு பேர்தான் வந்தார்கள். ஒருவர் மின்விசிறியைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன். இன்னொருவன் கழிப்பறை என்று நினைத்துக் கதவைத் தள்ளிய ஒரு பையன்.

நாற்பத்தோராவது நாள் அவள் காப்பியரில் ஏதோ நகல் எடுக்க வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற ஒரு மூன்றாம் வருடப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க ரூமுக்கு நேர் எதிர்ல என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

"மாணவர் அலுவலக ஜன்னல்."

"அங்க எப்பவும் நூறு பேர் வரிசையில நிப்பாங்க. நான் உங்க கதவைத் திறந்து உள்ள போனேன்னு வைங்க, வெளிய வர்றதுக்குள்ள என் நிச்சயதார்த்தம் முறிஞ்சிருக்கும்."

அவாதிஃப் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அன்று மாலையே பலகையைக் கழற்றி மேசைக்கு அடியில் போட்டாள். பழைய வரைபடங்களை அடுக்கி வைத்திருந்த ஒரு கிடங்கு அறை, வரைபடக் கூடத்துக்குப் பின்னால் கிடந்தது. அதற்கு ஒரு வாசல் காப்பியர் இருக்கும் நடையில். இன்னொரு வாசல் கொய்யா மரங்கள் நிற்கிற தோட்டத்தில். நகல் எடுக்க வருகிற மாதிரி வரலாம், தோட்டத்துக் காற்று வாங்கப் போகிற மாதிரி போகலாம். அவளே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினாள். இரண்டு நாற்காலி. நேருக்கு நேர் போட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும் என்று கொஞ்சம் சாய்த்துப் போட்டாள். பலகை கிடையாது.

அந்த வாரமே ஐந்து பேர் வந்தார்கள்.

வந்தவர்களில் பாதிக்கு மேல் முதல் வருடம். ஊரிலேயே முதல், வட்டாரத்திலேயே முதல், தொண்ணூற்றெட்டு சதவீதம், தொண்ணூற்றொன்பது சதவீதம். வாழ்நாளில் தோல்வி என்பதைப் பக்கத்து வீட்டில்தான் பார்த்தவர்கள். இங்கே வந்து முதல் இடைத்தேர்வில் இருபதுக்கு நான்கு வாங்கியதும், கைகால் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஒருவன் தூங்குவதில்லை. ஒருத்திக்கு வகுப்பில் நுழையும்போதே மூச்சு முட்டியது. பாதிப் பேர் வீட்டுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவாதிஃப் அவர்களிடம் பேசியதை விடக் கேட்டதுதான் அதிகம். தன் கைக்கு மீறியதை அஸ்யூத்தில் இருக்கிற தன் மேற்பார்வை ஆலோசகரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டாள். மருந்து தேவைப்பட்டவர்களை ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் தானே கூட்டிப் போனாள்.

ஆனால் கணக்கு உதைத்தது. பிள்ளைகள் தொள்ளாயிரம் பேர், அவள் ஒருத்தி. தேடி வருகிறவனைப் பார்த்துக்கொள்ளலாம். தேடி வராதவனை யார் பார்ப்பது? அவனைத் தினமும் பார்க்கிறவர்கள் பேராசிரியர்கள்.

ஆகவே அவள் டீனிடம் போய் நின்றாள். ஒவ்வொரு பேராசிரியருக்கும் முதல் வருடப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம். பாடம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. சும்மா உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்பது. டீனுக்கு அறிக்கையில் இன்னொரு பக்கம் நிரம்பும் என்பதில் சந்தோஷம். "கூட்டம் போடுங்க. அவங்க ஒத்துக்கிட்டா சரி" என்றார்.

கூட்டத்துக்கு முப்பத்தொன்பது பேர் வந்தார்கள். அத்தனை பேரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். அவர்களுக்கு முன்னால், நேற்று வரை கால்பந்துச் சட்டைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்த மேடம் அவாதிஃப். முதலில் சிரித்தவர் டாக்டர் ஷுக்ரி.

டாக்டர் ஷுக்ரி பொறியியல் வரைபடம் எடுப்பவர். முப்பது வருட அனுபவம். கோடு ஒரு மயிரிழை தடித்தாலும் தாளை இரண்டாகக் கிழித்து மாணவன் கையில் கொடுத்துவிடுவார். அதனால் பிள்ளைகள் மத்தியில் அவருக்குப் பெயர் கத்திரி.

"மேடம், நான் இங்க வரைபடம் சொல்லிக்குடுக்க வந்தவன். தாலாட்டுப் பாட வந்தவன் இல்ல" என்றார். அறை கொல்லென்று சிரித்தது.

"தாலாட்டு வேண்டாம் டாக்டர்" என்றாள் அவாதிஃப். "பாட்டே வேண்டாம். வாயைத் திறக்காம அஞ்சு நிமிஷம் இருக்கணும், அவ்வளவுதான். முடியுமான்னு பாக்கலாமா?"

இரண்டு இரண்டு பேராகப் பிரித்தாள். ஒருவர் தன் மனதில் கிடக்கிற ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர் ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். யோசனை சொல்லக் கூடாது, "எனக்கும் இப்படித்தான்" என்று தன் கதைக்குத் தாவக் கூடாது. எண்ணிக்கை ஒற்றைப்படையாகிப்போனதால், அவளே டாக்டர் ஷுக்ரிக்கு ஜோடியாக உட்கார்ந்தாள். முதலில் அவள் பேசினாள். மகளுக்கு மூட்டுவலி, எந்த டாக்டரிடம் காட்டியும் தீரவில்லை என்று ஆரம்பித்தாள். நாற்பது விநாடி ஆகியிருக்காது.

"கெய்ரோவுல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார்…"

"டாக்டர்."

"சரி, சரி. சொல்லுங்க."

இன்னொரு முப்பது விநாடி. "ஆனா நீங்க கால்சியம் குடுத்துப் பாத்தீங்களா?"

சுற்றியிருந்த ஜோடிகளும் அதே லட்சணம்தான். அறையில் ஒருத்தரும் ஐந்து நிமிடத்தைத் தாண்டவில்லை. பெரிய பெரிய பாலங்களைக் கணக்குப் போட்டு நிறுத்தியவர்கள், ஐந்து நிமிடம் சும்மா இருக்க முடியாமல் முகம் சிவந்துபோனார்கள்.

பிறகு டாக்டர் ஷுக்ரியின் முறை. "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல" என்றார். அவாதிஃப் பேசாமல் இருந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார், பேனா மூடியைத் திறந்து மூடினார். அவள் பேசவே இல்லை. மூன்றாவது நிமிடத்தில் அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும். ஸயீத்னு ஒரு பையன். அவன் தாளைக் கிழிச்சேன், எல்லாரும் பாக்க. மறுநாள்லேர்ந்து வரல. இப்ப ஆத்துப்பாலம் லைன்ல மைக்ரோபஸ் ஓட்டறான். அவன் வண்டின்னு தெரிஞ்சா நான் ஏற மாட்டேன், அடுத்த வண்டிக்கு நிப்பேன். மழை பேஞ்சாலும் நிப்பேன். இதை என் பொண்டாட்டிகிட்ட கூடச் சொன்னதில்ல."

சொல்லிவிட்டு, "நேரம் ஆச்சா?" என்று கேட்டார். ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

அன்று இருபத்தொரு பேர் ஆளுக்கொரு குழு எடுக்க ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். டாக்டர் ஷுக்ரி போடவில்லை. பத்து நாள் கழித்து அவராகவே தோட்டத்து வாசல் வழியாக அறைக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அவன் வண்டியில ஏறினேன் மேடம். முன் சீட்டுல."

அவாதிஃப் காத்திருந்தாள்.

"அவன் சொல்றான், 'டாக்டர், நீங்க கிழிச்சதுக்காக நான் போகல, எனக்கே அந்தப் படிப்பு பிடிக்கல. ஆனா நீங்க கிழிச்சப்ப எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு'ங்கறான். திட்டியிருந்தாக் கூடத் தேவலாம்னு இருந்துச்சு." மூக்கைச் சிந்தினார். "அந்தப் பன்னிரண்டு பேரைக் குடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் அபானூப். ஆற்றுக்குக் கிழக்கே, வெள்ளைக்கல் வெட்டுகிற மலையடிவாரத்துக் கிராமம். அப்பா பெகீத் கல் குவாரியில் வேலை. டாக்டர் ஷுக்ரியின் கூட்டத்தில் அபானூப்தான் சிரித்த முகம். எல்லா நகைச்சுவைக்கும் முதல் ஆளாகச் சிரிப்பான். எப்படிப் போகிறது என்று கேட்டால், "ஜோராப் போகுது டாக்டர்" என்பான். டாக்டர் ஷுக்ரிக்கு முகம் படிக்கத் தெரியாது. கோடு படிக்கத் தெரியும். அந்தப் பையன் மூன்று வாரமாக ஒரு தாள் கூடக் கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரு நாள் காலை மாடி ஜன்னலில் நின்றபோது, ஆற்றைப் பார்த்த சிமெண்டு பெஞ்சில் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மடியில் வரைபடம் போடுகிற டி-ஸ்கொயர். இரண்டு வகுப்பு எடுத்துவிட்டு வந்து பார்த்தார்; அதே பெஞ்சு, அதே இருப்பு.

பழைய ஷுக்ரியாக இருந்தால் ஜன்னலிலிருந்தே கத்தியிருப்பார். இறங்கிப் போனார். பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்த வாரம் உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"எட்டு நிமிஷம் மேடம்" என்று பிறகு அவாதிஃபிடம் சொன்னார். "மணல் ஏத்தின படகு ஒண்ணு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போயிருச்சு. நான் பேசல. நெஞ்சு வெடிச்சிடும்போல இருந்துச்சு, ஆனா பேசல."

எட்டு நிமிடம் கழித்து அபானூப் சொன்னது இதுதான்: "டாக்டர், ஊர்ல என்னை இன்ஜினியர்னு கூப்பிடறாங்க."

அதற்கப்புறம் அழுகைதான். டாக்டர் ஷுக்ரி சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பவில்லை. 'அனுப்பாதீர்கள், கூட நடந்து வாருங்கள்' என்று அவாதிஃப் சொல்லியிருந்தாள். கொய்யா மரங்களுக்கு நடுவே கூடவே நடந்து வந்து, வாசலில் விட்டுவிட்டு, கதவைத் தானே சாத்திவிட்டுப் போனார்.

அபானூப் கால் மணி நேரம் தரையைப் பார்த்துப் பேசினான். தேர்வு முடிவு வந்த அன்று அப்பா தெரு முழுக்க சர்பத் ஊற்றினார். அன்றிலிருந்து கடைக்காரன், முடிதிருத்துகிறவன், மைக்ரோபஸ்காரன், எல்லாருக்கும் அவன் இன்ஜினியர்தான். இடைத்தேர்வில் ஐந்து பாடத்திலும் விழுந்தான். வகுப்புக்குப் போனால் ஒன்றும் தலையில் ஏறவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து படகில் ஆற்றைக் கடந்து வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, மாலையில் திரும்பிப் போகிறான்.

"நான் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் சுலபம் மேடம்."

அவாதிஃப் அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போகவில்லை. குரலைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "செத்துப்போயிடணும்னு நினைக்கிறியா அபானூப்?"

அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். இப்படி நேராக யாரும் கேட்டதில்லை. "ஆமா" என்றான். சொன்னதும் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

"சொன்னது நல்லதாப் போச்சு. இங்க பேசினது இங்கயே இருக்கும்னு உன்கிட்ட முதல்லயே சொன்னேன். உன் உயிர் சம்பந்தப்பட்டது மட்டும் அப்படி இல்ல. அதை நான் ஒருத்தியா வச்சுக்க மாட்டேன். இப்ப நாம ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி டாக்டரைப் பாக்கப் போறோம். வீட்டுல யாருக்குச் சொல்லலாம்?"

"அப்பாவுக்கு வேண்டாம்."

"சரி, வேற யாரு?"

அக்கா என்றான். கல்யாணமாகிக் கல்லூரி இருக்கிற ஊரிலேயே இருந்த அக்கா ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். டாக்டர் சொன்னபடி, படிக்க வசதி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, தம்பியைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுத்தாள், ஒரு பொழுதும் தனியே விடவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் அவன் அவாதிஃபிடம் வந்தான். ஒரு மாதத்தில் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

அப்போதுதான் மகள் வீட்டுக்கு வந்த பெகீத், மகன் பெயர் எழுதிய மனநல மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் நேரே குவாரியிலிருந்து கல்லூரிக்கு வந்துவிட்டார். இமையிலும் காது மடலிலும் வெள்ளைத் தூசு. டீன் அறையில் நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. டீன் அவாதிஃபையும் டாக்டர் ஷுக்ரியையும் அழைத்தார்.

"என் மகனுக்குப் பைத்தியமா அம்மா?" பெகீத் கேட்டார்.

"இல்லை. உடம்புக்கு வர்ற மாதிரி மனசுக்கு வந்திருக்கு. வைத்தியம் நடக்குது. பத்திரமா இருக்கான். இதை என் பேர்ல நான் சொல்றேன்."

"அவன் உங்ககிட்ட என்ன சொன்னான்?"

"அதை அவன்தான் உங்ககிட்ட சொல்லணும்."

டீன் குறுக்கே வந்தார். "மேடம், பெத்த தகப்பன் கேக்கறார். ஃபைலைக் கொண்டுவந்து மேசையில வைங்க."

"முடியாது சார்."

"நான் டீன் சொல்றேன்."

"தெரியுது சார். யார் சொன்னாலும் முடியாது. அவனுக்கு வயசு பத்தொன்பது. அவன் சொன்னது அவனோடது."

"உங்க மேல எழுதுவேன்."

"எழுதுங்க. 'கேட்டாங்க, கொடுக்கல'ன்னு நானே கீழ கையெழுத்துப் போடறேன்."

அப்போது டாக்டர் ஷுக்ரி தொண்டையைச் செருமினார். "சார், இன்னிக்கு அந்த ஃபைல் திறந்துச்சுன்னா, நாளைக்கு என் பன்னிரண்டு பேர்ல ஒருத்தன் கூட வாயைத் திறக்க மாட்டான். நாங்க இத்தனை பேரும் குழுவை விட்டுடறோம். நீங்களே நடத்திக்குங்க." கத்திரி இப்படிப் பேசி டீன் கேட்டதில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, டீன் ஃபைல் பேச்சை விட்டுவிட்டார்.

பெகீத் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் மகன் ரகசியத்தை எனக்கே தர மாட்டேங்கறாங்க" என்றார் மெதுவாக. பிறகு, "அப்ப ஊருக்கும் தர மாட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்தார்.

அபானூபைக் கேட்டாள் அவாதிஃப். நானே சொல்கிறேன், நீங்கள் கூட இருங்கள் என்றான். மறுநாள் காலை சின்ன அறையில் மூன்று நாற்காலி போட்டாள்.

"அப்பா, நான் ஃபெயிலு" என்றான் அபானூப். "ஒண்ணு ரெண்டு இல்ல, அஞ்சு. டிசம்பர் கடைசியிலேர்ந்து கிளாசுக்கே போகல."

பெகீத் நெடுநேரம் பேசவில்லை. ஏதாவது சொல்லி அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்று அவாதிஃபுக்கே நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்கு எழுந்து போவியே. எங்க போன?"

"ஆத்தோரமா உக்காந்திருந்தேன்."

"ஜனவரியிலயுமா?"

"ஆமாப்பா."

"அந்தக் குளிர்லயா உக்காந்திருந்த?" என்றார் பெகீத். அவ்வளவுதான், உடைந்துவிட்டார். ஃபெயிலானதும் போனது, பொய் சொன்னதும் போனது. "அந்தக் குளிர்லயா, அந்தக் குளிர்லயா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கன்னத்து வெள்ளைத் தூசில் கண்ணீர் கோடு போட்டது. மகன் எழுந்து வந்து அவர் தலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

கொஞ்சம் தெளிந்ததும் கேட்டார்: "யாருடா உன்னை இன்ஜினியர்னு கூப்பிடச் சொன்னது?"

"நீங்கதாம்பா."

"நானா?" யோசித்தார். "ஆமா, நான்தான்."

அடுத்து நடந்ததை அக்கா அவாதிஃபிடம் போனில் சொன்னாள். பெகீத் அன்று சாயங்காலம் ஊர் டீக்கடைக்குப் போய், நடுவில் நின்று, இனிமேல் என் மகனை எவன் இன்ஜினியர் என்று கூப்பிடுகிறானோ அவனோடு எனக்குப் பேச்சு கிடையாது, அவன் பெயர் அபானூப், அவன் அம்மா வேண்டிக்கொண்டு வைத்த பெயர் என்று சொல்லிவிட்டு வந்தாராம். முடிதிருத்துகிறவன் மட்டும், "அப்ப டாக்டர்னு கூப்பிடலாமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டானாம்.

அந்தப் பருவத் தேர்வை மருத்துவக் காரணத்தில் தள்ளிவைக்க விண்ணப்பம் போனது. டீன் அதில் கையெழுத்துப் போட்டார். நோயின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது, அவர் கேட்கவில்லை. அபானூப் அந்த வருடத்தைத் திரும்பப் படித்தான். தேறினான், முதல் மாணவனாக அல்ல, நடுவில் எங்கோ. வரைபடத்தில் மட்டும் நல்ல மதிப்பெண். டாக்டர் ஷுக்ரி தாள் கிழிப்பதை நிறுத்தியிருந்தார், ஆனால் தடித்த கோட்டை மன்னிக்கிற ஆளாக மாறிவிடவில்லை. பென்சிலால் வட்டம் போட்டு, "இது என்ன, கோடா கயிறா?" என்று கேட்பார். அதற்கு மேல் கேட்பதில்லை.

நான்கு வருடத்தில் குழு எடுத்த பேராசிரியர்கள் இருபத்தொன்றிலிருந்து முப்பத்தாறு பேர் ஆனார்கள். பாதியில் படிப்பை விடுகிற முதல் வருடப் பிள்ளைகள் நாற்பதிலிருந்து ஒன்பதாகக் குறைந்தார்கள். விவசாயக் கல்லூரி கேட்டது, செவிலியர் கல்லூரி கேட்டது. பல்கலைக்கழகப் பேரவையில் வந்து பேசும்படி அவாதிஃபுக்குக் கடிதம் வந்தது. வாசலில் பெயர் அட்டை எழுதுகிறவர், "டாக்டர்னு போடவா, புரொஃபசர்னு போடவா?" என்று கேட்டார். "அவாதிஃப்னு போடுங்க, போதும்" என்றாள். உள்ளே எழுபது பேராசிரியர்கள். பழையபடி அவர்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து ஐந்து நிமிடம் வாயை மூடச் சொன்னாள். துணைவேந்தர் இரண்டு நிமிடத்தில் தோற்றார்.

அவள் பெருமைப்பட்ட நாள் என்று கேட்டால் அதைச் சொல்ல மாட்டாள். புது மாணவர்களை வரவேற்கிற அக்டோபர் நாளைத்தான் சொல்வாள். பெரிய கூடம், புதியவர்களும் பழையவர்களுமாகத் தொள்ளாயிரம் பேர். அபானூப் இப்போது சிவில் மூன்றாம் வருடம். அவன் கதையை அவாதிஃப் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை, பெயரை மாற்றிக் கூடச் சொன்னதில்லை. அந்த வருடம் அவனே வந்து, "நான் பேசலாமா மேடம்?" என்று கேட்டான். நல்லா யோசிச்சியா என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் சரி என்றாள்.

மேடையில் ஏறி மைக்கைச் சரிசெய்தான். "நான் அபானூப். எங்க ஊர்ல நான்தான் முதல். இங்க வந்து அஞ்சு பாடத்துல ஃபெயிலானேன். செத்துடலாம்னு நினைச்சேன். ஒரு பேராசிரியர் பக்கத்துல வந்து உக்காந்து எட்டு நிமிஷம் பேசாம இருந்தார். அப்புறம் ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போனார். காப்பியர் பக்கம் ஒரு வாசல், தோட்டத்துப் பக்கம் ஒரு வாசல். எதுல வேணா வாங்க."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் டாக்டர் ஷுக்ரி கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில், சுத்தமாகத் துவைத்த அங்கியில் பெகீத் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற யாரோ, "யாரு பையன்?" என்று கேட்டதற்கு, "அபானூப். என் மகன்" என்றார். அவாதிஃப் மேடைக்குக் கீழே சுவரோரம் நின்று எல்லாரையும் பார்த்தாள். அழவில்லை. தோளை நிமிர்த்திக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது தோட்டத்து வாசல் படியில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒளிந்தும் இல்லை, தலை குனிந்தும் இல்லை. ஒருத்தி தோழியிடம் நடைபாதை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "நான் மேடத்தைப் பாத்துட்டு வரேன், எனக்கு முன் பெஞ்சுல இடம் பிடிச்சு வை!"

அவாதிஃப் கதவைத் திறந்து முதல் ஆளை உள்ளே விடுவதற்கு முன், டீனுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினாள்: வாசலில் போட எட்டு நாற்காலி, உள்ளே உட்கார இன்னொரு ஆலோசகர். நாற்காலி அந்த வாரமே வந்தது. ஆலோசகர் வரப் பனிக்காலம் ஆயிற்று. இப்போது அந்த அறையில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.